முதுமையில் மருத்துவக் காப்பீடு: உரிமையாக வருவது எது, காசு கட்ட வேண்டியது எதற்கு?



ஜும்ஆ முடிந்ததும் நம் பள்ளிகளில் வாசிக்கப்படும் மருத்துவ உதவிக் கடிதங்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். உதவி கேட்பவர்களில் பலர் காலமெல்லாம் ஏழைகளாக இருந்தவர்கள் அல்லர். முப்பது வருடம் சவூதியிலோ துபையிலோ உழைத்து, பெண் மக்களைக் கரையேற்றி, வீடு கட்டி ஊர் திரும்பியவர்கள். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள். திரேஸ்புரத்தில் சங்கு குளித்து, காதும் மூச்சும் கெட்டுப்போய்க் கரையேறியவர்கள். வேலை இருந்தவரை கம்பெனிக் காப்பீடோ உடல் வலுவோ துணைக்கு நின்றது. இரண்டும் போன வயதில் ஓர் இதய அடைப்போ இடுப்பு எலும்பு முறிவோ வந்தால் கையிருப்பு முழுவதும் கரைந்துவிடுகிறது.

இதைப் பற்றிப் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹஜரத், வாப்பாவுக்கு எந்த பாலிசி எடுக்கலாம்?" அதற்கு முன் கேட்க வேண்டியது, வாப்பாவுக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது.

ஏற்கெனவே உள்ள உரிமை

தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இப்போதைய பெயரில் வந்தது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் கோரம்பள்ளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தின் காப்பீட்டுப் பிரிவுக்குச் சென்று பதிவு செய்து கொள்ளலாம். நோய் வந்த பிறகு ஓடுவதை விட இப்போதே போவது நல்லது. வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்று வாங்குவோரும் நம்மில் உண்டு. அது பொய்ச் சாட்சி. மருத்துவத்துக்காக என்பதால் அது ஹலாலாகி விடாது.

அந்த வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கு, 70 வயது நிறைந்திருந்தால் வேறொரு வாசல் இருக்கிறது. 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லை. ஆதார் அட்டையில் வயது சரியாக இருந்தால் போதும். குடும்பம் ஏற்கெனவே அந்தத் திட்டத்தில் இருந்தால், பெரியவருக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம் கிடைக்கும். தனியார் பாலிசி வைத்திருப்பதும் இதற்குத் தடையில்லை. விவரத்துக்கு 14555 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால் அட்டை கையில் இருப்பதும் மருத்துவமனை அதை ஏற்பதும் ஒன்றல்ல. நாம் வழக்கமாகச் செல்லும் தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில், மதுரை மருத்துவமனைகளில் காப்பீட்டு மேசைக்குச் சென்று, "இந்த அட்டை இங்கே செல்லுமா, எந்தச் சிகிச்சைக்குச் செல்லும்?" என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

இன்னும் சில உரிமைகள் வீட்டு அலமாரியிலேயே தூங்குகின்றன. ஆலையில் வேலை செய்து குறைந்தது ஐந்தாண்டுகள் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டி, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் மனைவிக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். 120 ரூபாய்! இதை அறியாமல் ஆயிரக்கணக்கில் பிரீமியம் கட்டுவோர் இருக்கின்றனர். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு 2022 ஜூலை முதல் நான்காண்டுகளுக்கென வகுத்த திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம் செய்து 5 லட்சம் வரை காப்பீடு தரப்பட்டது. கணவர் மவுத்தான பின் குடும்ப ஓய்வூதியம் பெறும் உம்மாமார்களும் இதில் சேர்வர். துறைமுகத்தில் நிரந்தரப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், நிர்வாகத்தின் ஓய்வூதியர் மருத்துவத் திட்டத்தில் தம் பெயரும் மனைவியின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

கப்பலில் தொடங்கிய கேள்வி

அரசுத் திட்டங்களுக்குப் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. பயனாளிக்கு அது உதவியாகவே வந்து சேர்கிறது. நாமே காசு கட்டி எடுக்கும் வணிகக் காப்பீட்டின் நிலை வேறு.

நம்மைப் போன்ற கரையோர மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. காப்பீட்டைப் பற்றி விரிவாக எழுதிய ஆரம்பகால ஃபகீஹ்களில் ஒருவர் திமிஷ்கைச் சேர்ந்த இமாம் இப்னு ஆபிதீன் (வஃபாத் ஹிஜ்ரி 1252). அவர் பேசியது கப்பல் சரக்குக் காப்பீட்டைப் பற்றித்தான். கடலில் சரக்கு அழிந்தால் ஈடு தருவதாக முன்பணம் பெறும் வழக்கம் துறைமுகங்களில் பரவியபோது, வணிகர் அந்த ஈட்டை வாங்குவது கூடாது என்று 'ரத்துல் முஹ்தார்' நூலில் எழுதினார். 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டில் பெரும் கரர் (நிச்சயமின்மை) இருப்பதால் அது ஹராம் என்றும், பரஸ்பர உதவி அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடு ஆகுமானது என்றும் தீர்மானித்தது. மாறாக, ஷைகு முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்றோர் காப்பீடு அடிப்படையில் ஆகுமானதே என்று வாதிட்டனர். சூடானில் 1979-இலேயே இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. மலேசியாவில் 1984-இல் தகாஃபுல் சட்டம் வந்தது. இந்தியாவில் நம் மக்கள் போய்ச் சேர அப்படியொரு நிறுவனம் இல்லை.

ஆகவே நெருக்கடியை முன்னிட்டு மருத்துவ பாலிசி எடுக்கும் சகோதரரை நாம் குறை சொல்வதில்லை. தம் ஊர் ஆலிமிடம் நிலையைச் சொல்லிக் கேட்டுக் கொள்ளட்டும். நிர்ப்பந்தத்தால் கிடைக்கும் அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே என்பது ஃபிக்ஹின் பொது விதி. வியப்பு என்னவென்றால், இந்த விதி காட்டும் பாலிசியும் மலிவான பாலிசியும் ஒன்றாகவே இருக்கின்றன.

'சூப்பர் டாப் அப்' என்றால் என்ன?

முதல் ரூபாயிலிருந்தே பணம் தரும் பாலிசிக்கு அறுபது வயதுக்கு மேல் பிரீமியம் கடுமையாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட தொகை வரை நாம் பார்த்துக் கொள்கிறோம், அதற்கு மேல் போனால் மட்டும் நீங்கள் கொடுங்கள் என்ற ஏற்பாட்டில் பிரீமியம் வெகுவாகக் குறையும். இதில் 'டாப் அப்', 'சூப்பர் டாப் அப்' என இரு வகை உண்டு. பெயர் ஒத்திருப்பதால் பலர் ஏமாறுகின்றனர்.

நம் பங்கு 3 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். ஒரே ஆண்டில் வாப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க இரண்டரை லட்சம். எட்டு மாதம் கழித்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு இன்னோர் இரண்டரை லட்சம். சாதாரண டாப் அப் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டும் 3 லட்சத்துக்குள் இருப்பதால் ஒரு ரூபாயும் வராது. சூப்பர் டாப் அப் ஆண்டின் மொத்தச் செலவைப் பார்க்கும். 5 லட்சத்தில் நம் பங்கு போக மீதி 2 லட்சம் வரும். முதியவருக்கு எடுப்பதென்றால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

அந்த 3 லட்சத்துக்கு எங்கே போவது? ஐந்து பிள்ளைகள் மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 1,20,000. இரண்டரை ஆண்டுகளில் 3 லட்சம் சேர்ந்துவிடும். யாத்திரையில் உணவு குறைந்தபோது எல்லோரிடமும் இருந்ததை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பகிர்ந்து கொண்ட அஷ்அரீ கூட்டத்தாரை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறதே, அந்த வழிதான் இது. வெளிநாடுகளில் உள்ள காயல் நல மன்றங்கள் ஊர் மக்களின் மருத்துவத்துக்குப் பணம் திரட்டித் தருவதும் இதே வழியில்தான். இதில் எந்த ஆலிமுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எழுதி வைக்க வேண்டும்: பணம் யார் பொறுப்பில், எதற்கு எடுக்கலாம், மிஞ்சினால் யாருக்கு? வாப்பாவுக்கே ஹிபாவாகக் கொடுத்து அவர் கைப்பற்றிவிட்டால், அவருக்குப் பின் அது வாரிசுச் சொத்து. பொது நிதியாக வைத்தால் நிபந்தனைப்படி உம்மாவுக்கோ அடுத்தவருக்கோ போகும். இதை எழுதாமல் விட்டு, மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு முன்பே சகோதரர்கள் முகம் திருப்பிக் கொண்ட வீட்டை நாம் பார்த்திருக்கிறோம்.

ஜகாத் பணத்தில் வாப்பாவின் பிரீமியத்தைக் கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. வசதியற்ற பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளையின் கடமை; கடமையை ஜகாத் கணக்கில் கழிக்க முடியாது.

படிவத்தில் உண்மை

"சுகர் இருப்பதை எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்" என்று சொல்லும் முகவரின் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவரை நமக்குத் தெரியும். பதினெட்டு வருடச் சர்க்கரை. இரண்டாம் ஆண்டில் சிறுநீரகம் பழுதானபோது பழைய மருந்துச் சீட்டு கோப்பில் இருந்தது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கட்டிய பணமும் போயிற்று, பொய் சொன்ன பாவமும் மிஞ்சியது. ஐந்து வருடம் ஓட்டிவிட்டால் கேட்க மாட்டார்கள் என்பதும் முழு உண்மையல்ல. அறுபது மாதங்களுக்குப் பின் பழைய நோயைச் சொல்லவில்லை என்று நிராகரிக்க முடியாதுதான். நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மறைக்க வேண்டிய அவசியமும் இப்போது குறைந்துவிட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் கொண்டு வந்த விதிகளின்படி, முன்பே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் மூன்றாண்டுகள். முன்பு நான்காக இருந்தது. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடைக்காது என்ற நிலையும் மாறியது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நீங்கியது.

இந்த மூன்றாண்டுக் கணக்கு வளைகுடாவில் இருப்போருக்கு முக்கியமானது. அங்குள்ள கம்பெனிக் காப்பீடு வேலை முடியும் நாளோடு முடிந்துவிடும். இங்கே அதற்குக் கணக்கில்லை. எனவே பாலிசி எடுப்பதென்று முடிவு செய்தவர், ஊர் திரும்புவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே இந்திய பாலிசியைத் தொடங்கிவிட வேண்டும். விமானத்தை விட்டு இறங்கும்போது காத்திருப்புக் காலம் கழிந்திருக்கும்.

பாலிசியில் இன்னும் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்று அறை வாடகை வரம்பு. நாளுக்கு 4,000 என்ற வரம்பு இருந்து 8,000 ரூபாய் அறை எடுத்தால், அறைக்கு மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் போன்றவற்றுக்கும் பாதிதான் வரும். மற்றொன்று 'கோ-பே'. 20 சதவீதம் என்று இருந்தால் 4 லட்சம் பில்லில் 80,000 நம் கையிலிருந்து போகும். எல்லா நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளுடன் தரும் 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியில் கோ-பே 5 சதவீதம்தான். ஒப்பிட்டுப் பார்க்க அதை அளவுகோலாக வைத்துக் கொள்ளலாம். பிள்ளைகளின் குடும்ப பாலிசியிலேயே பெற்றோரையும் சேர்ப்பது சிக்கனம் போலத் தோன்றும். வயதில் மூத்தவரை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படுவதால், பெரியவர்களுக்குத் தனியாக எடுப்பதே பெரும்பாலும் மலிவு.

பாலிசி ஆவணம் வந்ததும் 30 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம். கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மருத்துவமனைச் சுருக்க அறிக்கை, பில்கள், மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.