டிராக்டர் முன்சக்கர டயரை வீட்டிலேயே கழற்றி மாட்டுவது எப்படி?

உழவு மும்முரத்தில் முன்சக்கரம் பஞ்சரானால் பாதி நாள் வேலை கெட்டுவிடும். முன்சக்கர டயரைக் கழற்றி மாட்ட நீங்களே பழகிக்கொள்ளலாம். ஆனால், ஜாக்கி சரிவதும் காற்று ஏற்றும்போது டயர் வெடிப்பதும் உயிருக்கே ஆபத்து. அதனால் அவசரம் வேண்டாம்.

தேவையானவை

ஜாக்கி, வீல் ஸ்பேனர், டயர் லீவர் 2 அல்லது 3, கெட்டியான மரக்கட்டைகள், சோப்பு நீர், முகப்பவுடர், காற்றழுத்தமானி.

சக்கரத்தைக் கழற்றுதல்

1. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டிராக்டரைச் சமமான, இறுகிய தரையில் நிறுத்தவும். கலப்பையைத் தரையில் இறக்கி, கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக்கைப் பூட்டவும்.
2. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும்.
3. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்தவும்.
4. ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்து, சக்கரத்துக்கு அருகில் முன் அச்சில் தூக்கவும். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடக்கூடியது. எனவே தூக்கியதும் அச்சுக்கு அடியில் கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

டயரைக் கழற்றுதல்

வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுவதும் வெளியேற்றவும். சக்கரத்தைப் படுக்க வைத்து, ரிம்மை ஒட்டி டயர் மேல் சுற்றிலும் மிதித்தால் ஓரம் விடுபடும். ஓரங்களில் சோப்பு நீர் தடவவும்.

டயரின் ஓரத்துக்குள் எஃகுக் கம்பி இருப்பதால் அது விரிந்து கொடுக்காது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு பக்க ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் மிதித்துக்கொண்டால்தான் எதிர்ப்பக்கம் லீவரில் எளிதாக ஏறும். வால்வு அருகே தொடங்கி, சிறிது சிறிதாக நெம்பவும். முரட்டுத்தனமாக நெம்பினால் கம்பி அறுந்து டயர் வீணாகிவிடும்.

டியூபை எடுத்ததும் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கருவேல முள்ளின் நுனி உள்ளே ஒடிந்து நின்றால், ஒட்டிய டியூபும் மறுநாளே பஞ்சராகும்.

மாட்டுதலும் காற்றும்

டியூபுக்குப் பவுடர் தூவி, உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று ஏற்றி உள்ளே வைக்கவும். ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வு அருகே முடிக்கவும். லீவர் டியூபைக் கடிக்காமல் கவனிக்கவும்.

காற்று ஏற்றும்போது டயர் மேல் குனிய வேண்டாம். நீளமான ஹோஸ் வைத்து, பக்கவாட்டில் நிற்காமல் டயரின் ஓடுபரப்பைப் பார்த்தபடி தள்ளி நிற்கவும். 35 பி.எஸ்.ஐ. வரை ஏற்றியும் ஓரம் சரியாக உட்காரவில்லை என்றால், மேலும் ஏற்றாமல் காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி மறுபடி முயலவும். உட்கார்ந்த பிறகு ஒருமுறை காற்றை முழுவதும் இறக்கி ஏற்றினால் டியூபில் சுருக்கம் விழாது. இறுதி அழுத்தத்தை டிராக்டர் கையேட்டைப் பார்த்து வைக்கவும்.

நட்டுகளை எதிரெதிராக முடுக்கவும். ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மீண்டும் முடுக்கவும்.

இவற்றைச் செய்ய வேண்டாம்

- டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்கக் கூடாது. காற்று இல்லாத டயரும் சூட்டில் வெடிக்கும்.
- பின்சக்கரத்தை வீட்டில் கழற்ற வேண்டாம். 13.6-28 போன்ற டயர்களில் எடைக்காக நூறு லிட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். மொத்த எடை சில நூறு கிலோ இருக்கும். சாய்ந்தால் ஒருவரால் தாங்க முடியாது. கடைக்காரரையே அழையுங்கள்.