மந்திரித்தல்

சாதாரணப் பொருளுக்கு மந்திர ஆற்றல் ஏற்றுவதைக் குறிக்கும் வினைச்சொல். ‘மந்திரம்’ என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது. மந்திராலோசனையும் அரசு நடத்தும் மந்திரியும் இதற்கு உறவுதான்; ஆனால் பேச்சு வழக்கில் ஆலோசனைக்கு இந்த வினையை எவரும் தேடுவதில்லை.

மந்திரிக்கப்படுபவை பெரும்பாலும் எளிய பொருள்கள்: கயிறு, தாயத்து, எலுமிச்சம்பழம், திருநீறு, தண்ணீர். மிரண்டு அழும் குழந்தையைப் பூசாரியிடம் கொண்டுபோனால், அவர் கையிலுள்ள திருநீற்றின்மேல் மந்திரத்தை முணுமுணுத்து ஊதி, அதை நெற்றியில் பூசுவார். அதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தித் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் இந்துத் தாய்மாரும் உண்டு. ‘மந்திரிக்கப் போகிறேன்’ என்பார்கள் அவர்கள். முஸ்லிம்கள் அதை ‘ஓதி ஊதுதல்’ என்பார்கள். சொல் வேறானாலும் நாடுவது ஒன்றையே.

பெரியபுராணத்தில் பாண்டியனின் வெப்புநோயைத் திருஞானசம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்த கதையும் இந்த நம்பிக்கையின் பழமையைக் காட்டும்.

வழக்கில் கேலியும் சேர்ந்துவிட்டது. சுயபுத்தி இழந்தவரைப் போல் நடப்பவரை ‘மந்திரித்துவிட்ட கோழி’ என்பர். அச்சில் ‘மந்திரித்து’ என்பது பேச்சில் ‘மந்திரிச்சு’ ஆகும்.