பாலைவனச் சாலையில் ஓர் உறி

என் பாட்டி இருந்தவரை எங்கள் கீழ்பென்னாத்தூர் வீட்டுச் சமையற்கட்டில், உத்திரத்திலிருந்து ஓர் உறி தொங்கிக்கொண்டிருக்கும். கயிற்றில் பின்னிய சாதாரண உறிதான். அதில் தயிர்ப்பானை, அதன்மேல் வெண்ணெய்ச் சட்டி. பூனைக்கு எட்டாது, எறும்புக்கு எட்டாது, சிறுவர்களான எங்களுக்கும் எட்டாது. பாட்டி போனபின் உறியும் போயிற்று. அது எப்போது கழற்றப்பட்டது என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அந்த உறியை நான் மறுபடி நினைத்துக்கொண்ட இடம் எகிப்து நாட்டில், செங்கடல் கரையில்.

பணி ஓய்வு பெற்ற நாங்கள் நான்கு பேர் சில ஆண்டுகளுக்கு முன் எகிப்துக்குப் போயிருந்தோம். தமிழ் வாத்தியார் ஒருவர், தபால்துறை நண்பர், கூட்டுறவு வங்கி நண்பர், நெடுஞ்சாலைத்துறையில் காலம் கழித்த நான். எல்லோரையும் போலக் கெய்ரோவில் பிரமிடுகளைப் பார்த்தோம், ரயிலில் லக்சர் போய்க் கோயில்களைப் பார்த்தோம். அதற்குமேல் என்ன என்ற பேச்சு வந்தபோது வாத்தியார், "எனக்கு ஒரே ஒரு சாலையைப் பார்க்கணும். அதைப் பார்த்துட்டா ஊருக்குத் திரும்பலாம்" என்றார். சாலை என்றதும் நான் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

லக்சருக்கு வடக்கே நைல் நதிக்கரையில் கிஃப்ட் என்று ஓர் ஊர். பழைய கிரேக்கப் பெயர் கோப்டோஸ். அங்கிருந்து கிழக்கே பாலைவன மலைகளுக்கு நடுவே செங்கடல் கரையிலுள்ள குசேர் வரைக்கும் ஒரு சாலை போகிறது. ஏறத்தாழ 180 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் ஒரு வேன் பேசிக்கொண்டு, விடியலில் புறப்பட்டு, நின்று நின்று, பகல் முழுவதும் போனோம்.

ரோமானியர் ஆட்சிக் காலத்தில் இந்தியச் சரக்கு மத்தியதரைக்கடலுக்குப் போன வழிகளில் இது ஒன்று. கப்பல்கள் ஆடி மாத வாக்கில் எகிப்துக் கரையிலிருந்து புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து நம் கரைக்கு வரும். மார்கழி, தை வாக்கில் எதிர்க்காற்றில் திரும்பும். சரக்கைச் செங்கடல் துறைமுகத்தில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, இந்தப் பாலைவனத்தைக் கடந்து கோப்டோசுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து படகில் நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கு அனுப்புவார்கள். கோப்டோசிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு ஆறு ஏழு நாள் பயணம் என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இன்னும் தெற்கேயுள்ள பெரனிகே துறைமுகத்துக்கு 12 நாள் என்பது பிளினியின் கணக்கு. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில் நடந்திருக்கிறார்கள்.

வழியில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, மலை முகடுகளில் நிற்கும் சிறு கல் காவல் கோபுரங்கள். இன்னொன்று, ஹம்மாமாத் பள்ளத்தாக்கிலுள்ள வட்டக் கிணறு. உள்ளே சுற்றிச் சுற்றி இறங்கும் படிகள். நம் பக்கத்துக் கல் கட்டுக் கிணறுகளை இறைத்துப் பழகியவர்களுக்கு அதைப் பார்த்ததும் கயிறும் கவலையும்தான் ஞாபகத்துக்கு வரும். தண்ணீர் கிடைக்கும் இடத்தை வைத்துத்தான் அந்தக் காலத்தில் சாலைக்குத் தடம் போட்டிருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கைக் காட்டும் பாப்பிரஸ் வரைபடம் ஒன்று இத்தாலியில் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது 3000 ஆண்டுக்கும் மேல்.

சுங்கச்சாவடியும் உண்டு. கி.பி. 90இல் கோப்டோசில் கல்லில் வெட்டி வைத்த கட்டண விவரம் கிடைத்திருக்கிறது. கப்பல் மாலுமிக்கு 5 திராக்மா, மூடு வண்டிக்கு 4, பாய்மரத்துக்கு 20. இதை வாத்தியார் சொன்னதும் வங்கி நண்பர், "அப்பவே டோல்கேட் வச்சிட்டானுங்களா!" என்று சிரித்தார்.

தகராறு வந்தது டீக்கடையில். பாலில்லாத டீ, கண்ணாடி டம்ளரில், சர்க்கரை தாராளமாக. தபால் நண்பர் தன் செல்போனில் வந்திருந்த ஒரு செய்தியைப் படித்துக் காட்டினார். பிரமிடைக் கட்டியவன் தமிழன், எகிப்தை ஆண்டவன் தமிழன் என்று நீளமாகப் போனது. வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதெல்லாம் யாருய்யா எழுதுறது? ஆதாரம் என்ன?"

"நம்ம பெருமையைத்தானே சொல்றாங்க, வாத்தியாரே. அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"பொய்யான பெருமை நிஜமான பெருமையையும் சேர்த்துக் கெடுத்துடும். அதான் கஷ்டம்."

பிறகு வேனில் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. நாற்பது வருடப் பழக்கம் இந்தச் செய்தியால் முறிந்துவிடுமோ என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

மாலை நான்கு மணிக்குக் கடல் தெரிந்தது. இப்போதைய குசேர் ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் பழைய குசேர். ரோமானியர் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் என்ற துறைமுகம். பார்க்க ஒன்றுமே இல்லை. மண்மேடு, பானை ஓட்டுச் சில்லுகள், காற்று. கப்பல் வந்து நின்ற கழி எப்போதோ தூர்ந்துவிட்டது. காலி மதுச்சாடிகளை அடுக்கி, மண் நிரப்பி, அதன்மேல் துறைமேடை போட்டிருக்கிறார்கள் என்பது அகழ்வாய்வில் தெரிந்தது. சாலை போட்டவன் என்ற முறையில் அந்தச் சிக்கனத்தை நான் மெச்சிக்கொண்டேன்.

அந்த மண்மேட்டில் நின்றுதான் வாத்தியார் வாய் திறந்தார். அவர் சொன்னதன் சுருக்கம் இது.

சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 1978 முதல் 1982 வரை இங்கே தோண்டினார்கள். தமிழ் பிராமி எழுத்தில் ஆள் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் கணன், இன்னொன்றில் சாத்தன். 1999 முதல் 2003 வரை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். அப்போது ஒரு பெரிய சாடியின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அந்தச் சாடி இந்தியாவில் செய்தது என்று கண்டவர் ராபர்ட்டா டோம்பர் என்ற மட்பாண்ட அறிஞர். அதில் தமிழ் பிராமியில் ஒரே வாசகம் இரண்டு முறை எழுதியிருந்தது. காலம் கி.மு. முதல் நூற்றாண்டு. ஐராவதம் மகாதேவன் அதைப் படித்தார்.

"என்ன எழுதியிருந்தது தெரியுமா? அரசன் பேரா? போர்ல ஜெயிச்ச கதையா? 'பானை ஒறி'ன்னு எழுதியிருந்தது. ஒறின்னா உறி. உறியில வைக்கிற பானை. அவ்வளவுதான்!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் சமையற்கட்டு உத்திரம் கண்ணெதிரே வந்து நின்றது.

தபால் நண்பர் கீழே கிடந்த ஓர் ஓட்டுச் சில்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "என் ஆயா வீட்டுலயும் உறி இருந்தது" என்றார். செல்போனை எடுத்து அந்தச் செய்தியை அழித்தாரா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அதன்பின் அதை அவர் யாருக்கும் படித்துக் காட்டவும் இல்லை.

அன்றிரவு மீன் சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தியார் மீதியையும் சொன்னார். பெரனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில், இந்தியச் சாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. கொற்றபூமான் என்ற தமிழ்ப் பெயர் எழுதிய ஓடும் அங்கே கிடைத்தது. முசிறியிலிருந்து ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கைப் பற்றிய பாப்பிரஸ் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதிலுள்ள ஒப்பந்தத்தில், ஒட்டகக்காரனிடம் சரக்கை ஒப்படைத்துப் பாலைவனத்தைக் கடந்து கோப்டோசில் சேர்ப்பது வரை எழுதியிருக்கிறார்கள். அரசு வாங்கிய சுங்கம் நாலில் ஒரு பங்கு.

இதில் எங்கேயும் தமிழன் எகிப்தை ஆளவில்லை. வந்தவர்கள் வணிகர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள். ஆனால் கணனும் சாத்தனும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதத் தெரிந்தவர்களாகவோ, எழுதித் தர ஆள் பக்கத்தில் இருந்தவர்களாகவோ இருந்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்த இடத்திலும் பானையைப் பானை என்றும் உறியை உறி என்றும் அழைத்திருக்கிறார்கள். ஆண்ட பெருமையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. செங்கத்து நடுகற்களைப் பாருங்கள். கல்லில் பெயர் பெற்றவர்களில் ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்களும் இருக்கிறார்கள். அதே செங்கத்து நன்னனைத் தேடிப் போகிற கூத்தருக்கு வழி சொல்வதற்கென்றே 583 அடிகளில் மலைபடுகடாம் எழுந்தது. நடந்து போகிறவனை மதித்து, இந்த வழியில் போ, இங்கே தங்கு என்று சொன்ன நூல். சாலைத்துறைக்காரனான எனக்கு அதைவிட நெருக்கமான இலக்கியம் இல்லை.

ஊர் திரும்பியதும் பேத்தியிடம் உறி தெரியுமா என்று கேட்டேன். "உறியடி தெரியும் தாத்தா, கோகுலாஷ்டமிக்கு அடிப்பாங்களே" என்றாள். அடிப்பது தெரிகிறது, உறி தெரியவில்லை. கயிறு வாங்கி வந்தேன். மூன்று நாள் முயன்றும் பாட்டியின் முடிச்சு எனக்கு வரவில்லை. கடைசியில் தெருக்கோடியில் உள்ள ஒரு மூதாட்டிதான் அரை மணி நேரத்தில் பின்னிக் கொடுத்தார்.

இப்போது அது எங்கள் வராந்தாவில் தொங்குகிறது. அதில் ஒரு சிறு மண்பானை. பேத்தி அதன்மேல் சாக்கட்டியால் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். நான் அழிக்கவில்லை.