ஆற்றை அளந்த கதை

கண்டமங்கலம் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட ஊர். வடக்கே, செஞ்சி மலைப்பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி. தெற்கே, கருநாடகத்து நந்தி மலைப்பகுதியில் தோன்றி ஏறக்குறைய 430 கிலோமீட்டர் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணை. இரண்டும் தம் பயணத்தின் இறுதிக் கட்டத்திலேயே நம் பக்கம் வருகின்றன. ஆதலால் மேலே உள்ளோர் எடுத்தது போக எஞ்சியதும், அவர்கள் கழித்துவிட்டதும் நமக்கு வந்து சேருகின்றன. கடைமடையில் வாழ்வோருக்கு ஆற்றை அளந்தறிவது ஏட்டுக் கல்வியன்று, வாழ்வின் கணக்கு.

இக்கணக்கில் முதலில் எழுந்த வினா 'எவ்வளவு?' என்பதாகும். 1892ஆம் ஆண்டில் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் இடம்பெற்ற ஆறுகளுள் பெண்ணையும் ஒன்று. சென்னையின் இசைவின்றி மைசூர் அவற்றில் புதிய நீர்த்தேக்கம் கட்டலாகாது என்பது அதன் சாரம். மேலே தேக்கினால் கீழே குறையும் என்னும் அச்சம் இன்றும் ஓயவில்லை. பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கருநாடகம் அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2019 நவம்பரில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது.

இரண்டாம் வினா 'எப்போது?' என்பது. நம் ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடுவன அல்ல. சில வாரங்களில் வந்து போவன. வந்ததை நிறுத்தி வைக்கவே 1950இல் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும், 1958இல் சாத்தனூர் அணையும், 1959இல் சங்கராபரணியில் வீடூர் அணையும் எழுந்தன. வீடூர் அணையால் பாசனம் பெறும் 3,200 ஏக்கரில் 1,000 ஏக்கர் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆட்சி எல்லைகளைத் தண்ணீர் அறியாது என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சான்று.

ஆனால் ஆறு நம் கட்டுக்குள் முழுதும் அடங்கியதில்லை. 2020இல் கட்டப்பட்ட தளவானூர் தடுப்பணை 2021 சனவரியிலேயே உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் அணைக்கட்டும் உடைந்தது. 2024 டிசம்பர் 2ஆம் நாள் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அணையின் முழுக் கொள்ளளவு 732.1 கோடி கன அடி. அந்த வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், ஓர் அணை நிறையும் நீர் கடலை நோக்கிப் போய்விடும். எனவே ஆண்டு மொத்தத்தை மட்டும் காட்டி 'நீர் போதும்' என்று சொல்வது பிழையான கணக்கு. வயலுக்கும் நகருக்கும் வேண்டியது கோடையில் கிடைக்கும் நீரே.

மூன்றாம் வினாவை நாம் பெரிதும் மறந்தோம்: 'எத்தகையது?' பெங்களூருவின் கழிவுநீர் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் பெண்ணை பன்முறை நுரை பொங்கி வழிந்துள்ளது. ஓட்டம் குறையக் குறைய நீரில் கரைந்துள்ள உப்பின் செறிவு கூடும். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர்வழி இல்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர விதி. வயலுக்கோ சோடியத்தின் விகிதமே முதன்மையானது. அது மிகுந்தால் களிமண் இறுகி, நீர் உள்ளே இறங்காது. ஆகவே பயிருக்கு ஏற்ற நீர் குடத்துக்கு ஏற்காமல் போகலாம். இரண்டையும் தனித்தனியே, பருவந்தோறும், சோதித்துப் பார்த்தே உறுதி கூற வேண்டும்.

1892இன் உடன்படிக்கைக்கு அடிப்படை தேக்கத்தைப் பற்றிய அச்சம், கழிவைப் பற்றியதன்று. இன்று நமக்கு இரண்டும் அச்சமே. அளவில் குறையாமல் தந்தும் தன்மையில் கெடுத்துத் தந்தால், அது கொடுத்ததாகுமா? பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கூறியதன் பொருளும் இதுவே. மறைமாவட்ட மேடைகளில் அதைப் பேசும் நாம், நம் ஊர்க் கிராம சபையில் எழுந்து, குடிநீர்ச் சோதனையின் முடிவைக் கேட்டிருக்கிறோமா?

மேலூரைக் குறை கூறும் நாமும் நமக்குக் கீழுள்ள ஊருக்கு மேலூரே. நம் சாக்கடை சேரும் வாய்க்காலும் யாரோ ஒருவரின் குடத்தை நோக்கியே போகிறது. ஆற்றை அளக்கும் கோலை முதலில் அங்கே நட்டுப் பார்ப்போம்.