தாய்க்கோழி இல்லாத ராத்திரி

பொரிச்ச முதல் வாரத்துல கோழிக்குஞ்சுக்கு கிட்டத்தட்ட 35 டிகிரி சூடு வேணும். உடம்புல இருக்கிறது பஞ்சு மாதிரி மெல்லிசு முடிதான். இறகு முளைக்கிற வரைக்கும் தன் சூட்டைத் தானே காப்பாத்திக்க அதுக்கு முடியாது. பகல்ல வெயில் பார்த்துக்கும். மார்கழி ராத்திரியில யார் பார்த்துக்கிறது?

எங்க பக்கத்துல முன்னெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அடைக்கோழி இருந்தது. அதன் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. பத்துப் பன்னிரண்டு குஞ்சையும் றெக்கைக்குள்ள இழுத்து வச்சுக்கும். மேல பஞ்சாரத்தைக் கவுத்து, கீரி தள்ளிடாம ஒரு கல்லைத் தூக்கி வச்சா நம்ம வேலை முடிஞ்சது.

தாயில்லாம பொரிக்க வைக்கிற வித்தை ரொம்பப் பழசு. எகிப்துல முட்டையைச் சாணத்துல புதைச்சுப் பொரிக்க வைக்கிறதைப் பத்தி அரிஸ்டாட்டில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கார். அந்த நாட்டுல மண் செங்கல் அடுப்பறை கட்டி ஆயிரக்கணக்குல பொரிக்க வச்சாங்க. சூடு சரியா இருக்கான்னு பார்க்க முட்டையை எடுத்துக் கண் இமையில வச்சுப் பார்ப்பாங்க.

ஆனா முட்டை பொரிஞ்சுட்டா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. குளிர் நாடான பிரான்சுல இதை உட்கார்ந்து யோசிச்சவர் ரெயோமூர். தன் பேர்ல ஒரு வெப்பமானி அளவையையே உண்டாக்கின விஞ்ஞானி அவர். குஞ்சு பொரிக்கிறது பத்தி 1749-ல ஒரு புத்தகம் போட்டார். அதுல 'செயற்கைத் தாய்'னு ஒரு பெட்டி வருது. உள்பக்கம் கம்பளி முடியோட ஆட்டுத்தோல். மேல்மூடி சரிவா இருக்கும். சின்னக் குஞ்சோ பெரிய குஞ்சோ, எங்கேயாவது ஒரு இடத்துல அதன் முதுகு தோல்ல படும். சூடு கொடுக்க எரு. குஞ்சு சூட்டை மட்டும் தேடலை, முதுகுல ஏதோ ஒண்ணு படணும்னும் தேடுதுன்னு அந்த மனுஷன் கவனிச்சிருக்கார்.

அப்புறம் 1879-ல கலிபோர்னியாவின் பெட்டாலுமாவில் லைமன் பைஸ் இன்குபேட்டர் செஞ்சார். மண்ணெண்ணெய் விளக்கு, கரி அடுப்புன்னு போய், கடைசியில நம்ம கொட்டகைக்குக் குண்டு பல்பு வந்துச்சு. அது இழுக்கிற கரண்ட்ல நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல சூடாத்தான் போகும். வெளிச்சத்துக்கு அது நஷ்டம், குஞ்சுக்கு அதுதான் உயிர். 2015-க்கு அப்புறம் எல்.இ.டி. எல்லா வீட்டுக்கும் வந்து, கடையில குண்டு பல்பு குறைஞ்சு போச்சு. எல்.இ.டி.யில குஞ்சுக்கு வெளிச்சம் கிடைக்கும், குளிர் போகாது. இப்ப அகச்சிவப்பு பல்பும், குஞ்சு அடியில நுழைஞ்சு படுத்துக்கிற சூட்டுத் தகடும் விக்கிறாங்க. அந்தத் தகடு ரெயோமூரோட ஆட்டுத்தோல் பெட்டியேதான்.

இந்தக் கதையில நாம இழந்தது ஒண்ணு இருக்குங்க. அடையில உட்கார்ந்த கோழி முட்டை போடாது. அதனால வெள்ளை லெகார்ன் மாதிரி முட்டை இனங்கள்ல அடை குணத்தையே தலைமுறை தலைமுறையா கழிச்சுக் கட்டிட்டாங்க. நாட்டுக்கோழியிலயும் முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தாயைத் தேர்ந்தெடுத்தா அதே கதிதான். கரண்ட் போன ராத்திரியில ஒரு அடைக்கோழியோட விலை என்னன்னு அப்பத்தான் தெரியும்.

புருடர் வச்சிருக்கிறவங்க ராத்திரி ஒருதடவை எட்டிப் பாருங்க. ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கத்துனா குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்தா சூடு அதிகம். பரவலாப் படுத்துத் தூங்கினா, நீங்களும் போய்த் தூங்கலாம்.