சைக்கிளில் ஊர் சுற்ற அரை லட்சம் வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு பெங்களூருவில் ஹெப்பாள் தாண்டி ஏர்போர்ட் ரோட்டில் போனீர்களானால், பின்னால் சிவப்பு விளக்கு மின்ன மின்ன வரிசையாக சைக்கிள்கள் போவதைப் பார்க்கலாம். எல்லாம் நந்தி மலைக்கு. ஊரிலிருந்து சுமார் 60 கி.மீ., உச்சி 1478 மீட்டர். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் இதைப் பார்த்துப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் மனதில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. நூறு கிலோமீட்டர் சைக்கிளில் போக வேண்டுமானால் முதலில் அரை லட்சம் ரூபாய் எடுத்து வைக்க வேண்டும் என்று.

எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், கிருஷ்ணகிரி பக்கத்துக்காரன். அப்பாவின் பழைய சைக்கிளில் ஊர் வரை ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. துணைக்கு ஆள் கிடைக்குமா என்று ஒரு சைக்கிள் குழுவில் கேட்டிருக்கிறான். வண்டியின் படத்தைப் பார்த்ததும், "முதல்ல வண்டியை மாத்துப்பா, அப்புறம் டூர் பேசலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். சைக்கிள் லோனுக்கு என்ன வட்டி வரும் சார் என்று என்னிடம் வந்து நின்றான்.

நான் பி.காம். புதுச் செலவு என்று யாராவது சொன்னால் பழைய லெட்ஜரைப் புரட்டாமல் விடமாட்டேன். புரட்டினேன்.

முதல் பக்கம் பம்பாய். 1923 அக்டோபர் 15 அன்று பம்பாய் வெயிட்லிஃப்டிங் கிளப்பைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் உலகத்தைச் சுற்றி வரக் கிளம்பினார்கள். வழியில் மூவர் விலகிவிட்டார்கள். ஒருவர் பாரசீகத்திலிருந்தே திரும்பினார், இன்னொருவருக்கு அமெரிக்கா பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். மீதி மூவர், ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா, 1928 மார்ச் 18 அன்று பம்பாய் வந்து சேர்ந்தார்கள். சுமார் 71,000 கி.மீ. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்: 1616 நாட்கள், நாளுக்கு 44 கி.மீ. காய்ச்சலில் படுத்த நாள், கப்பலுக்குக் காத்திருந்த நாள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. பாக்தாத்திலிருந்து அலெப்போ வரை பாலைவனத்தில் 956 கி.மீ. தூரத்தை 23 நாளில் கடந்தார்கள். அவர்கள் எழுதிய பயணப் புத்தகம் 1931-இல் வந்தது. முன்னுரை ஜவஹர்லால் நேரு.

இவர்களிடம் இருந்தது அந்தக் காலத்து இரும்பு சைக்கிள். ஜி.பி.எஸ். கிடையாது, கார்பன் ஃபோர்க் கிடையாது, வியர்வை உறிஞ்சும் துணி கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு பேரும் பளு தூக்குகிறவர்கள். கிளம்புவதற்கு முன்பே முதலீட்டை உடம்பில் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொரு முதலீடு, நாலரை வருடம். அதை யார் தருவார்கள்? எனக்கு எல்.எஃப்.சி.யில் பத்து நாள் சேர்ந்தாற்போல் லீவு வாங்குவதற்குள் ரீஜனல் ஆபீஸ் படியேற வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் நம்மவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கம், ஏனென்றால் கிளம்பிய இடம் சிங்கப்பூர். ராம்நாத் பிஸ்வாஸ் வங்காளி. சில்ஹெட் பக்கம் பானியாசோங் ஊர்க்காரர். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவர், 1931 ஜூலை 7 அன்று அங்கிருந்தே சைக்கிளில் புறப்பட்டார். சாமான் என்ன தெரியுமா? இரண்டு போர்வை, ஒரு ஜோடி செருப்பு, கேரியரில் ரிப்பேர் சாமான் பெட்டி. அவ்வளவுதான். இந்தப் பட்டியலில் நான் மதிக்கும் ஐட்டம் அந்தப் பெட்டிதான்.

பங்க்சர் ஒட்டத் தெரிந்தவனுக்கு வண்டி எதுவானாலும் சரி. நம் ஊர் பெரிய சைக்கிளின் பலமே அங்கேதான் இருக்கிறது. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆனாலும், லூதியானாவின் ஹீரோ ஆனாலும், சோனிபட்டில் பிறந்த அட்லஸ் ஆனாலும், 28 அங்குல டயர், ட்யூப், பிரேக் கட்டை, பெடல் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். எந்தக் கிராமத்து மரத்தடியிலும் ஒரு வாளித் தண்ணீர், ரப்பர் சொல்யூஷன், பழைய ட்யூபில் வெட்டிய துண்டு இவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சக்கரம் ஆடினால் கோட்டம் எடுத்துத் தருவார். பதினோரு கியர் கேசட்டும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் உள்ள வண்டி ஊத்தங்கரைக்கு முன்னால் நின்றுவிட்டால், பெங்களூருக்கு டெம்போ பிடிக்க வேண்டியதுதான்.

இது என் கற்பனை இல்லை. அயர்லாந்துப் பெண்மணி டெர்வ்லா மர்ஃபி 1963 ஜனவரியில் கிளம்பி ஐரோப்பா, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தார். ரோஸ் என்று பெயர் வைத்திருந்த அவருடைய ஆர்ம்ஸ்ட்ராங் கேடட் வண்டியில் மூன்று கியர் இருந்தது. ஆசியச் சாலைகளுக்கு அது தாங்காது என்று கிளம்பும் முன்பே கழற்றிப் போட்டுவிட்டார்! இதே அம்மையார் பத்து வருடம் கழித்து ஐந்து வயது மகளோடு நம் பக்கத்துக் குடகுக்கும் வந்து தங்கினார். அதைப் பற்றியும் ஒரு புத்தகம் உண்டு.

பி.கே. மகானந்தியா கதை உங்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். ஒடிசாவைச் சேர்ந்த தலித் ஓவியர். டில்லியில் பத்து ரூபாய்க்கு பத்து நிமிடத்தில் முகம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். 1975 டிசம்பரில் சார்லட் என்ற ஸ்வீடன் பெண்ணை அப்படி வரைந்து, காதலாகிவிட்டது. பெண் ஊர் திரும்பிய பிறகு, இருந்ததை விற்று 60 ரூபாய்க்கு ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கி, 1977 ஜனவரி 22 அன்று கிளம்பினார். என் கணக்குப்படி ஆறு முகம் வரைந்தால் ஒரு சைக்கிள். சாப்பாட்டுச் செலவையும் வழியில் படம் வரைந்தே சமாளித்தார். மே 28 அன்று ஸ்வீடனின் கோத்தன்பர்க் சேர்ந்தார்.

ஃபார்வேர்டு மெசேஜில் விட்டுப்போவது ஒன்று உண்டு. இஸ்தான்புல், வியன்னா என்று வந்து கடைசிப் பகுதியை ரயிலில்தான் போனார். அதனால் என்ன குறைந்துவிட்டது? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வழியில் பல நாடுகளுக்கு அன்று வீசா தொல்லை கிடையாது. இன்றைக்கு அதே பாதையில் போக நினைக்கும் இந்தியனுக்கு சைக்கிளின் விலை கடைசிக் கவலையாகத்தான் இருக்கும்.

சைக்கிள்கூட இல்லாமல் போனவர்களும் உண்டு, அதுவும் இந்த ஊர் சம்பந்தம். சதீஷ் குமாரும் ஈ.பி. மேனனும் பெங்களூருவில் ஒரு காபிக் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதுதான், அணுகுண்டுக்கு எதிராக உலகத் தலைநகரங்களுக்கு நடந்தே போகும் யோசனை வந்தது. 1962-இல் டில்லியில் காந்தி சமாதியிலிருந்து கிளம்பி மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் வரை போனார்கள். போகுமுன் வினோபா பாவே சொன்ன யோசனை, கையில் காசு வைத்துக்கொள்ளாதே என்பது. வங்கி அதிகாரியாக இதை நான் சிபாரிசு செய்ய முடியாது :-)

வங்கி என்றதும் புதுக்கோட்டை ஞாபகம். 1991 வாக்கில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுத்தன. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் காத்திருக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். நடுவில் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. நம் பையனுக்குக் "சரியான வண்டி" பற்றிப் பாடம் எடுத்தவர்கள் இதைக் கேட்டால் தேவலை.

சரி, காசு போட்டால் பயனே இல்லையா என்றால், உண்டு. மலையில் கியர் வேண்டும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்ஹட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு. இருபது கிலோ பெரிய சைக்கிளில் அதை மிதித்து ஏற முயன்றால் முட்டி சொல்லிவிடும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். 2008-இல் பெங்களூருவிலிருந்து தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரீஸ் போன்றவற்றில் கலந்துகொள்கிறவர்கள் நல்ல வண்டி வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வழி அப்படி இல்லை. பெங்களூரு 900 மீட்டர் மேட்டில் இருக்கிறது, ஊருக்குப் போகும்போது மொத்தத்தில் இறக்கம்தான். (திரும்பி வருவதற்கு பஸ் கூரை இருக்கிறது.)

பையனுக்கு லோன் ஃபாரம் கொடுக்கவில்லை. பிரேக் கட்டை, இரண்டு டயர், ட்யூப் மாற்றி முழு ஓவராயில் பார்க்கச் சொன்னேன். முன்னும் பின்னும் நல்ல விளக்கு, ஹெல்மெட், ஒளிரும் ஜாக்கெட், இவற்றில் கஞ்சத்தனம் கூடாது என்றும் சொன்னேன். ஹைவேயில் லாரிக்காரர் கண்ணில் பட வேண்டியது நாம்தான், நம் ஃபிரேமின் பிராண்டு இல்லை.

இந்த ஊரில் பிரெவே என்று ஒரு நெடுந்தூர ஓட்டம் நடக்கிறது. 200 கி.மீ. தூரத்தை பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். விளக்கும் ஒளிரும் உடையும் கட்டாயம், கியரோ கார்பனோ கட்டாயமில்லை. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 15 கி.மீ.கூட வரவில்லை. எங்கள் கிளை செக்யூரிட்டி அண்ணன் தினம் 18 கி.மீ. தள்ளியிருந்து ஒரு பழைய அட்லஸில், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டு வருகிறார். எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே என்று கேட்டேன். "காத்து எதிர்ல இல்லேன்னா ஒரு மணி பத்து நிமிஷம் சார்" என்றார்.