கவந்தி: விளிம்பில் தொடங்கும் சதுரம்

கவந்தி என்பது பழைய துணித் துண்டுகளை அடுக்கிக் கையாலேயே தைக்கும் ஒட்டுப்போர்வை. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்திப் பெண்களின் கைவேலை இது. 16ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் தப்பி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் புகுந்தனர். அவர்களின் வழிவந்த சித்தியர் 2003இல்தான் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றனர்.

கவந்திக்குள் பஞ்சே கிடையாது. முழுச்சேலை ஒன்றை விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, ஓரத்தை உள்மடித்து ஓட்டுத்தையல் போடுகிறார்கள். அடுத்த துண்டு அதை ஒட்டி வரும். விளிம்போரமாக நான்கு பக்கமும் சுற்றிய தையல், சுற்றுக்குச் சுற்று உள்வாங்கி நடுவில் முடிகிறது. அளவுகோலோ முன்கூட்டி வரைந்த கோடோ இல்லை, கண்ணே அளவு.

அமெரிக்காவில் 1860களில் பரவிய 'லாக் கேபின்' ஒட்டுப்போர்வைக் கட்டம் இதற்கு நேர் எதிர். அங்கே நடுச்சதுரம்தான் தொடக்கம், பெரும்பாலும் சிவப்பு. அதைச் சுற்றிப் பட்டைகள் வெளிநோக்கி வளரும். அடுத்தடுத்த இரு பக்கங்களில் வெளிர்நிறமும் மற்ற இரண்டில் அடர்நிறமும் வைப்பது வழக்கம். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே நிறம் வைத்தால் அது 'கோர்ட்ஹவுஸ் ஸ்டெப்ஸ்'. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஹவுஸ்டாப்' வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டனர். அவர்களின் போர்வைகளை அமெரிக்க அஞ்சல்துறை 2006இல் தபால்தலைகளாக வெளியிட்டது. சித்தியரின் கவந்திகள் 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அடிமைத்தனம் இரு கண்டங்களுக்குச் சிதறடித்த மக்களின் பெண்கள், கிழிந்த துணியிலிருந்தே இத்தகைய ஒழுங்கை உண்டாக்கியது வரலாற்றில் பெரிதாகப் பேசப்பட வேண்டிய செய்தி.

கவந்தியிலும் வகைகள் உண்டு. கத்தோலிக்கச் சித்தியர் சிலுவை வடிவத்தையும் முஸ்லிம்கள் பிறைவடிவத்தையும் சேர்ப்பதுண்டு. குழந்தைகளுக்கான சிறு போர்வைகளில் 'திகேலி' எனும் சின்னஞ்சிறு வண்ணத் துண்டுகள் நெருங்கி நிற்கும். எல்லா வகைக்கும் பொதுவானது 'ஃபுலா': மடித்த முக்கோணங்களை நான்கு மூலைகளிலும் அடுக்கித் தைப்பது. அது இல்லாத கவந்தியை அவர்கள் முடிந்த வேலையாகக் கருதுவதில்லை.